மலை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது

(பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற மூன்று நாள் மாலைக் கூட்டங்களில், இரண்டாம் நாள் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாப் பந்தலில் நின்றுகொண்டு மலையையும் காட்டையும் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "சாமிக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் ஐம்பதாம் ஆண்டு விழாவையும் நிலத்தையும் முடிச்சுப் போட்டது நான் அல்ல; வேதாகமம். லேவியர் நூல் 25-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஐம்பதாம் ஆண்டைப் புனிதமாக்கச் சொன்ன ஆண்டவர், அந்த ஆண்டில் விதைக்க வேண்டாம், அறுக்க வேண்டாம், நிலம் ஓய்ந்திருக்கட்டும் என்கிறார். காரணமும் சொல்கிறார்: நிலம் அவருடையது, நாம் அதில் குடியிருக்கிறவர்கள். அப்படியானால், குடியிருக்கும் வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று கணக்குப் பாராமல் கொண்டாடும் விழா பாதி விழாதான்.

நம் திருப்பத்தூருக்கு ஆண்டவர் ஒருபுறம் ஏலகிரியையும் மறுபுறம் ஜவ்வாது மலையையும் கொடுத்திருக்கிறார். இவற்றை அனுபவிப்பது பாவமல்ல. நம் ஆண்டவரே கூட்டத்தை விட்டு விலகி மலைமேல் ஏறி ஜெபித்தவர். ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மேலே குளிர்ந்த காற்று முகத்தில் படும்போது, நம்மை அறியாமலே "ஸ்தோத்திரம்" என்று வாய் சொல்லிவிடுகிறது. ஜலகாம்பாறையில் மழைக்காலத்தில் விழும் தண்ணீரின் கீழ் நின்றால், கவலை கொஞ்ச நேரமாவது கரைந்து போகிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் இருப்பதை அறிவீர்கள். 1986-ல் அங்கே 2.3 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நிறுவினார்கள். காட்டின் நடுவே இரவு இருட்டாக இருப்பதால்தான் அங்கிருந்து நட்சத்திரங்களைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. இருட்டும் ஒரு செல்வம் என்று எத்தனை பேர் நினைத்திருக்கிறோம்?

நம் ஊருக்குப் பேர் வாங்கித் தந்த சந்தன மரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சந்தனம் தனியாக வாழும் மரமல்ல. அதன் வேர் பக்கத்து மரங்களின் வேரைப் பற்றிக்கொண்டு, அவற்றிலிருந்து சத்தையும் நீரையும் பெறுகிறது. பறவை பழத்தைத் தின்று விதையைப் போட்டால் வேறிடத்தில் முளைக்கிறது. மணக்கும் வைரக்கட்டை உண்டாகப் பல ஆண்டுகள் ஆகின்றன. சுற்றியுள்ள செடி கொடிகளை அழித்துவிட்டுச் சந்தனத்தை மட்டும் காப்பாற்ற முடியாது. பங்கு வாழ்வும் அப்படித்தான். அயலானை விட்டுவிட்டு யாரும் தனியாக மணப்பதில்லை.

இனி, மனம் நோகும் ஒரு விஷயம். உங்களில் பலர் தோல் ஷாப்பில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். அந்தத் தொழிலை நான் பழிக்கவில்லை. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிய வைத்த தொழில் அது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டுதான் தோலைப் பதனிட்டார்கள். அதாவது, அந்தத் தொழிலுக்கே காடும் மேடும்தான் கைகொடுத்தன. 1970-களில் அரைப் பதன் தோலை ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு வந்தபின், குரோம் முறை பெருகியது. உப்பும் இரசாயனமும் கலந்த கழிவுநீர் நிலத்திலும் பாலாற்றிலும் இறங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தை அந்தத் தீர்ப்பு நாட்டுக்கே நிலைநாட்டியது. இந்தத் தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு கண்டதையும் அதில் குறித்திருக்கிறார்கள். பின்னர் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு கணக்கிட்டார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றின் நிலை குறித்து மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். தீர்ப்பு கிடைத்தது, பணமும் கணக்கிடப்பட்டது, ஆனால் அந்தக் கிணறுகளின் பழைய ருசி திரும்பியதா? ஒருமுறை கெட்டதைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்க முடியவில்லை. கீழே நாம் கற்ற பாடம் இது. மேலே மலை இன்னும் முழுதாகக் கெடவில்லை. அங்கே பெய்யும் மழையை இலைச்சருகும் வேரும் பிடித்து வைத்து, மெதுவாக ஓடைக்கும் ஏரிக்கும் நம் கிணற்றுக்கும் விடுகின்றன. காடு மொட்டையானால் அதே மழை மண்ணை வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். பங்குனியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நாம்தான் அலைவோம்.

குற்றம் எப்போதும் பிறர் வாசலில்தான் கிடக்கிறது என்று நினைக்காதீர்கள். இதை நான் வெட்கத்தோடு சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த பங்கின் பிள்ளைகளை ஜலகாம்பாறைக்கு அழைத்துப் போனேன். ஜெபம் சொன்னோம், குளித்தோம், பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டோம். புறப்படும்போது பெரியவர் ஒருவர் கோணிப்பையில் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். "என்ன பெரியவரே பொறுக்குறீங்க?" என்று கேட்டேன். "உங்க பிள்ளைங்க போட்டதுதானுங்க சாமி. தண்ணி வந்தா எல்லாம் ஊருக்குள்ளதானே போவுது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காலையில் பூசையில் படைப்புக்காக நன்றி சொன்ன நான், மாலையில் அந்தக் கோணிப்பையின் முன் நின்றேன். அன்று நாங்கள் எல்லோரும் குனிந்து பொறுக்கிவிட்டுத்தான் வண்டி ஏறினோம். அந்தப் பெரியவர் சொன்னது எனக்கு ஒரு பிரசங்கம்.

ஏலகிரிச் சாலையின் வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது, நம் பிள்ளை பஸ் ஜன்னல் வழியாகப் பிஸ்கட் உறையை எறிகிறான். குரங்குக்குத் தீனி போடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறோம். அது காட்டில் இரை தேடுவதை மறந்து, சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது. 2024 ஜூன் மாதம் நம் திருப்பத்தூர் நகருக்குள்ளேயே சிறுத்தை வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மலைக்கும் ஊருக்கும் இடையே பெரிய மதில் ஏதும் இல்லை என்பதை அன்று எல்லோரும் கண்டோம்.

போப்பாண்டவர் பிரான்சிஸ் 2015-ல் நமது பொது வீட்டைப் பற்றித் திருமடல் எழுதினார். அதே ஆண்டில் செப்டம்பர் முதல் தேதியைப் படைப்பின் பராமரிப்புக்கான செபநாளாக ஏற்படுத்தினார். அசிசியாரை 1979-லேயே திருச்சபை சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்திருக்கிறது. ஆகவே இது புதுமோகம் அல்ல. நம் விசுவாசத்தைச் சேர்ந்த கடமை.

பொன்விழா நினைவாக நான் உங்களிடம் கேட்பது பெரிய காணிக்கை அல்ல. பக்தசபைகளும் இளைஞர் மன்றமும் மலைக்குப் போகும்போது, கொண்டுபோன பிளாஸ்டிக் அத்தனையும் திரும்பி வரட்டும். சாப்பாட்டுக்கு வாழையிலையும் வீட்டுத் தட்டும் போதும். மாசி முதல் வைகாசி வரை காய்ந்த புல் பஞ்சுபோல் பற்றும்; பீடித்துண்டோ அடுப்போ காட்டுக்குள் வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படியும் குற்றம். மலையில் வாழும் மலையாளி மக்களிடம் சாமையும் தேனும் வாங்கும்போது அடிமாட்டு விலை பேசாதீர்கள். காடு இருந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. வரும் செப்டம்பர் முதல் தேதி, அன்பியத்துக்கு ஒருவராக என்னோடு ஜலகாம்பாறைக்கு வாருங்கள். ஆளுக்கொரு கோணிப்பை கொண்டுவாருங்கள். முதல் பையை நான் தூக்குகிறேன்.

அடுத்த ஐம்பது ஆண்டு கழித்து இதே பந்தலில் நூற்றாண்டு விழா கொண்டாடுகிறவர்கள், நாம் கட்டிய கோபுரத்தைப் பார்த்து மகிழட்டும். அண்ணாந்து பார்க்கும்போது, கோபுரத்துக்குப் பின்னால் மலை பச்சையாகவும் இருக்கட்டும்.

அந்த மலையைப் படைத்த பிதாவும், மலைமேல் ஜெபித்த சுதனும், நம்மை வழிநடத்தும் பரிசுத்த ஆவியும் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.