அறுபதாம் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டாம்
(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியது)

கணவனும் மனைவியுமாக நீங்கள் இருவர் மட்டும் கடைசியாக வெளியூர் போனது எப்போது? பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்கு நினைவுக்கே வரவில்லை. வீட்டில் பேசுவதெல்லாம் தண்ணீர் லாரி, டியூஷன் ஃபீஸ், லிஃப்ட் ரிப்பேர்தான். போன மாதம் ஒரு சனிக்கிழமை தரங்கம்பாடி கிளம்பினோம். மயிலாடுதுறை வரை ரயில், பிறகு பஸ்.

சின்ன ஊர். நடந்தே பார்க்கலாம். பழைய நகர வாயிலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் கடலோரத்தில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. 1706-இல் வந்த சீகன்பால்கு தமிழில் புத்தகங்கள் அச்சிட்டதும் இங்கேதான். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அருகே மாசிலாமணி நாதர் கோயில். அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

விடியற்காலையில் கோயில் பக்கம் உட்கார்ந்திருந்தோம். ஃபோன் இரண்டும் அறையில். "உன்கிட்ட இப்படிப் பேசி எத்தனை வருஷம் ஆச்சு!" என்றார் என் கணவர். எனக்குப் பதில் வரவில்லை.

திருக்கடையூர் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். அறுபதாம் கல்யாணத்துக்கு அங்கே போகத்தான் போகிறோம். அதற்குள் ஒரு தடவை தரங்கம்பாடி போய் வாருங்கள்.

எங்கள் பிள்ளைகளை எதிர் வீட்டு மாமி பார்த்துக்கொண்டார். இனி எங்கள் முறை. உங்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.