கிணற்றை எப்படிப் பிரிப்பீர்கள்?



எனக்கு முன்னால் பேசிய பேராசிரியை அம்மா ஒரு போடு போட்டாங்க. "ஒரு மாநிலத்து மக்கள் அமைதியா ஓட்டுப் போட்டு, பாதிக்கு மேல பிரிவோம்னு சொல்லிட்டா அதுதான் சட்டம், கோர்ட்டுக்கு அங்கே என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனா அம்மா, இதே கேள்வியை ஒரு நாடு நிஜமாகவே கோர்ட்டில் கேட்டுப் பதிலும் வாங்கியிருக்கு.

கனடா நாட்டில் கியூபெக் என்று ஒரு மாகாணம். பிரெஞ்சு பேசுகிற மண். 1995 அக்டோபர் 30-ஆம் தேதி அங்கே வாக்கெடுப்பு. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் வந்து ஓட்டுப் போட்டாங்க! பிரிவோம் என்றவர்கள் 49.42 சதவீதம். வேண்டாம் என்றவர்கள் 50.58. வித்தியாசம் ஏறத்தாழ 54,000 ஓட்டு. ஒரு தேர்த் திருவிழாக் கூட்டம்தான் ஐயா, ஒரு தேசத்தை ஒட்டி வைத்தது!

சீட்டில் இருந்த கேள்வியாவது நேராக இருந்ததா? புதிய பொருளாதார, அரசியல் கூட்டுறவுக்குக் கனடாவை முறைப்படி அழைத்த பிறகு, இன்ன மசோதா, இன்ன ஒப்பந்தத்தின் வரம்புக்குள் இறையாண்மை பெறச் சம்மதமா என்று கேட்டிருந்தது. "தனிக்குடித்தனம் போகட்டுமா மாமா?"ன்னு கேட்காம, "சாப்பாடு உங்க வீட்டிலேயே தொடரும்ங்கிற புரிதலோட, அடுத்த தெருவில படுத்துக்கட்டுமா?"ன்னு மருமகன் கேட்ட மாதிரி! (பலத்த சிரிப்பு)

மத்திய அரசு கோர்ட்டுக்குப் போச்சு. 1998 ஆகஸ்ட் 20. ஒன்பது நீதிபதிகள், ஒரே குரல். தன்னிச்சையாக வெளியேறும் உரிமை கனடாவின் அரசியல் சட்டத்திலும் இல்லை. சர்வதேசச் சட்டத்தின்படியும் கியூபெக்குக்கு இல்லை. அமெரிக்க உச்சநீதிமன்றமும் 1869-இல் டெக்சாஸ் வழக்கில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. புரட்சி நடந்தாலொழிய, மற்ற மாநிலங்கள் சம்மதித்தாலொழிய, வெளியேற வழியில்லை. கடன் பத்திரத்துக்காக வந்த வழக்கு அது. தீர்ந்தது நாட்டின் தலையெழுத்து!

இதோடு நான் உட்கார்ந்துவிட்டால் என் அணிக்கு லாபம். ஆனால் பாதித் தீர்ப்பைப் படித்துவிட்டு ஜெயிப்பது வக்கீல் தொழில். எனக்குத் தமிழாசிரியர் தொழில். மீதிப் பாதி என்ன? தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'பிரிவோம்' என்று சொன்னால், மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது, பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும். வாசல் இருக்கு, நீயே இடித்துத் திறக்காதே, வீட்டாரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல் என்கிறது கோர்ட். எத்தனை சதவீதம் தெளிவான பெரும்பான்மை? கோர்ட் சொல்லவில்லை. 2000-இல் வந்த சட்டமும் எண்ணைப் போடவில்லை. அது எனக்கும் குறையாகத்தான் படுகிறது.

பேச என்ன இருக்குன்னு கேட்பீங்க. எங்கள் வீட்டில் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது எனக்குப் பத்து வயசு. வயலைச் சங்கிலி வைத்து அளந்தாச்சு. பாத்திரங்களை எண்ணியாச்சு. கிணற்றை என்ன பண்ணுவது? முறைக்கு ரெண்டு நாள் என்று பத்திரத்தில் எழுதினார்கள். அதுவரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா கேட்டது: "ஏம்ப்பா, நான் யாரு பங்குடா? என்னைய ஒருத்தரும் கேக்கலையே!" பெரியப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கியூபெக்கிலும் ஓர் அப்பத்தா உண்டு நடுவர் அவர்களே! வடக்கே கிரீ பழங்குடி மக்கள். அவர்கள் வேட்டையாடிய ஆறுகளை மறித்துத்தான் மாகாணம் பெரிய பெரிய மின்நிலையங்களைக் கட்டியது. 1995-இல் அவர்களே தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 96 சதவீதத்துக்கும் மேல், கியூபெக்கோடு நாங்கள் வெளியேற மாட்டோம் என்றார்கள். கனடாவைப் பிரிக்கலாம் என்றால் கியூபெக்கை ஏன் பிரிக்கக் கூடாது? எல்லை, கடன், சிறுபான்மையினர் உரிமை என்று கோர்ட் அடுக்கியதெல்லாம் இதற்காகத்தான். (கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சுடறேன். எதிரணித் தலைவர் எழுந்ததும் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: 'பிரிவோம்' பக்கம் இன்னும் ஒரு முப்பதாயிரம் ஓட்டு விழுந்திருந்தால், அந்தக் கிரீ மக்களை எந்த நாட்டுக் கணக்கில் எழுதியிருப்பீர்கள், யாரைக் கேட்டு?