நன்றி இருக்கு, வருத்தமும் இருக்கு

(பட்டிமன்றத் தலைப்பு: மூதறிஞர் ராஜாஜியைத் தமிழகம் பெரிதும் நினைப்பது நன்றியோடா, வருத்தத்தோடா? ‘வருத்தத்தோடே’ என்ற அணியில் பேசியது.)



முதல்லேயே ஒண்ணு சொல்லிடறேன். நான் சேலத்துக்காரி. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாதான். ‘உள்ளூர்க்காரரையே இந்த அம்மா திட்டப் போகுது’ன்னு யாரும் பயப்படாதீங்க. நான் திட்ட வரலை, வருத்தப்பட வந்திருக்கேன். வசவு வேற, வருத்தம் வேற! (கைதட்டல்)

எதிரணியிலே பேராசிரியர் ஐயா ஒரு பெரிய பட்டியல் வாசித்தார். 1930-லே வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம். 1938-லே விவசாயிகளுக்குக் கடன் நிவாரணச் சட்டம். 1939-லே மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ளே வைத்தியநாத ஐயர் தலைமையிலே தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தபோது, அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம். 1952-லே ரேஷன் கட்டுப்பாட்டை நீக்கியது. 1959-லே சுதந்திராக் கட்சி ஆரம்பித்து, ‘எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸா?’ என்று கேட்டது. ஐயா, அத்தனையும் உண்மை. நான் ஒன்றைக்கூட மறுக்கப் போறதில்லை.

பட்டியல்லே அவர் விட்டதை நானே சேர்த்துக் கொடுக்கறேன். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவிலே மதுவிலக்கு வந்தது. எங்க அம்மாயிக்கு அப்போ பத்து வயசு. ‘அதுக்கு முந்தி அப்பன் வந்தா நாங்க அடுப்புக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவோம், அதுக்கப்புறம்தான் அப்பன் வந்தா ஓடிப்போய்ப் பையைத் துழாவினோம்’னு சொல்லும். கடைசி வரைக்கும் ராஜாஜி பேரைச் சொன்னாலே கையெடுத்துக் கும்பிடும். (கைதட்டல்)

‘அப்புறம் ஏம்மா அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கே?’ன்னு நடுவர் ஐயா பார்க்கறார். சொல்றேன்.

1938-லே 125 உயர்நிலைப் பள்ளிகளிலே இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழ்நாடு கொதித்தது. பெரியார் ஜெயிலுக்குப் போனார். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-லே உயிரையே விட்டார்கள். 1940-லே அந்த ஆணை வாபஸ் ஆனது. அதே ராஜாஜி 1965-லே இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். எதிரணி இதைப் ‘பெருந்தன்மை’ என்கிறது. இருக்கட்டும். ஆனால் அவர் மனசு மாறினதுக்காக, போன ரெண்டு உயிர் திரும்பி வந்ததா?

அடுத்தது 1953. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளிலே தினம் மூணு மணி நேரம்தான் படிப்பு. மீதி நேரம் பிள்ளைகள் அப்பா தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டியது. அரசாங்கக் காகிதத்திலே அதற்குப் பேர் திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். ஜனங்கள் வைத்த பேர் குலக்கல்வி. எந்தப் பேர் நிலைத்தது என்று உங்களுக்கே தெரியும். (கைதட்டல்)

‘பள்ளிக்கூடமும் வாத்தியாரும் பத்தலைம்மா. ரெண்டு வேளையாகப் பிரித்தால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாமே’ன்னு பேராசிரியர் ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் பற்றாக்குறை என்றால் எல்லாருக்கும்தானே குறையணும்? பட்டணத்துப் பிள்ளைக்கு முழு நாள், கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் என்று ஏன் ஆனது?

சரி, அப்பா தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். ராஜாஜி பேரிலேயே சக்கரவர்த்தி இருக்கு. மண்பாண்டம் செய்கிறவர் வீட்டிலேயும் ஒரு சக்கரம் இருக்கு. பானை வனையற சக்கரம்! (சிரிப்பு) அந்தப் பையனாவது சக்கரம் சுத்தக் கற்றுக்கொள்வான். நிலமே இல்லாத கூலிக்காரர் மகன் அப்பாகிட்டே எதைக் கற்றுக்கொள்வான்? பண்ணையார் எதிரே குனியறதையா? (பலத்த கைதட்டல்)

ராஜாஜியோட தகப்பனார் தொரப்பள்ளி கிராம முன்சீப். மகன் அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் முன்சீப் வேலை என்றா இருந்தார்? முழு நாளும் படித்தார். சேலத்திலே பேர் பெற்ற வக்கீல் ஆனார். 1948-லே இந்தியாவின் கவர்னர் ஜெனரலே ஆனார். படிப்பு அவரை எவ்வளவு தூரம் கொண்டு போனது பாருங்க! அந்தப் படிப்பிலே பாதியைத்தானே அய்யா கேட்டார், ஊர்ப் பிள்ளைகள்கிட்டேயிருந்து?

எதிரணி அம்மா ஒருத்தங்க சொன்னாங்க: ‘ஒரே ஒரு வருஷம்தானே! 1954-லே காமராஜர் முதலமைச்சராக வந்தார், திட்டத்தை எடுத்துவிட்டார். இன்னுமா அதையே பேசறது?’ அம்மா, ராஜ்யத்துக்கு அது ஒரு வருஷம். எட்டு வயசுப் பையனுக்கு எட்டாவது வயசு ஒரு தடவைதான் வரும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆடு மேய்க்கப் போன பிள்ளை, சட்டம் மாறிய மறுநாளே ஓடி வந்து பெஞ்சிலே உட்கார்ந்துவிடுமா? உள்ளூர்லே அதைக் கூட்டி வர ஆள் இருந்தால்தான் உண்டு.

நடுவர் அவர்களே, ராஜாஜி காசுக்கு ஆசைப்பட்டவர் இல்லை, ஓட்டுக்குப் பயந்தவரும் இல்லை. நல்லது என்று மனசுக்குப் பட்டதைத்தான் செய்தார். அவர் பலமும் அதுதான், குறையும் அதுதான். மதுவிலக்கு, வீட்டிலே அழுதுகொண்டிருந்த பெண்களின் கோரிக்கை. கோயில் நுழைவு, வாசல்லே தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் கோரிக்கை. அதனாலே நன்றி நிலைத்தது. அரை நாள் பள்ளிக்கூடம் யார் கேட்டது? எந்தத் தாய், ‘என் பிள்ளைக்குப் பாதிப் படிப்பு போதும்’னு மனு கொடுத்தாள்? யாரையும் கேட்காமல், ‘உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்’ என்றால், சொல்றவர் எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும் அடி விழுகிற முதுகு ஏழையோடதுதான்.

என் அணி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972 டிசம்பர் 25-லே ராஜாஜி மறைந்தார். பல வருஷம் அவரை எதிர்த்த பெரியார், தள்ளாத வயசிலே அந்தச் சிதைக்குப் பக்கத்திலே கண்ணீர் விட்டார். ஆனால் இந்தியைப் பற்றியோ குலக்கல்வியைப் பற்றியோ சொன்னதை அவர் வாபஸ் வாங்கலை. அந்த மரியாதையும் வேணும், அந்த உறுதியும் வேணும்.

எங்க அம்மாயியோட கும்பிடு அவருக்குச் சேர வேண்டியது. அதை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கும்பிட்டைக் காட்டி, இன்னொரு வீட்டுப் பிள்ளை இழந்த அரை நாளைக் கழித்துவிடாதீங்க. ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தர் கடன்லே வரவு வைக்கிற கணக்கு எந்த ஊர்லேயும் செல்லாது. நன்றி சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிள்ளைக்காகப் பேசத்தான் ஆள் குறைச்சல். அதனாலே வருத்தத்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லுங்க. (கைதட்டல்)