சித்தூரிலிருந்து திருமலைக்கு ஒரு பகற் பயணம்



பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்குத் திருப்பதி யாத்திரை என்பது பெரும்பாலும் இரவெல்லாம் இரயில், விடிந்ததும் தரிசனம், மறுநாள் திரும்புதல் என்ற அளவிலேயே முடிந்துவிடுகிறது. வழியிலுள்ள ஊர்கள் வெறும் நிலையப் பெயர்களாகவே நின்றுவிடுகின்றன. இம்முறை நாங்கள் தில்லியிலிருந்து சித்தூருக்கு வந்து, அங்கு ஒரு வாடகைக் காரை அமர்த்திக்கொண்டோம். திருப்பதி அங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தொலைவுக்கு ஒரு பகல் முழுவதையும் ஒதுக்கி வைத்தோம்.

பழந்தமிழர் தம் மொழி வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் கூறியது வேங்கட மலையை. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரும் அவ்வாறே கூறுகின்றார். ஆட்சியாளர் வகுத்த எல்லைகளோ பலமுறை மாறியுள்ளன. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பிற்று. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாற்றங்களுக்கிடையே அங்குள்ள மக்கள் எவ்வாறு பேசுகின்றனர் என்பதைக் காணவே எங்களுக்கு ஆவல்.

விடை காலைச் சிற்றுண்டியின்போதே கிடைத்தது. கடைக்காரர் ஒரு மேசையில் தெலுங்கும் மறுமேசையில் தமிழும் பேசினார். எம்மொழியில் பேசுகிறோம் என்ற நினைவே அவருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. ஊரைக் கடந்ததும் மாந்தோப்புகள் தொடங்கின. இப்பகுதியில் மிகுதியாக விளைவது தோத்தாபுரி மாம்பழம். நாம் கிளிமூக்கு என்போமே, அதுதான். 'தோத்தா' என்ற வடநாட்டுச் சொல்லுக்கும் கிளி என்பதே பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, ஒரே பழத்தின் வளைந்த நுனியில் இரு மொழிகளும் ஒரே கிளியைக் கண்டது மகிழ்ச்சி தந்தது.

முதலில் காணிப்பாக்கம் சென்றோம். கிணற்று நீரில் எழுந்தருளியுள்ள விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் துணியார் என்பது அப்பகுதி மக்களின் நம்பிக்கை. காணி என்பது உரிமை நிலம். பாக்கமோ நுங்கம்பாக்கத்திலும் சேப்பாக்கத்திலும் உள்ள அதே பாக்கம்தான் என்று தோன்றுகிறது.

அங்கிருந்து புறப்பட்டபோது காரில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. காரோட்டியின் தாயார் தமிழர், தந்தையார் தெலுங்கர். அவர் பேசிய தமிழில் ஒரு குறையும் இல்லை. எங்கள் மகள் தன் கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையை அவரிடம் நீட்டினாள். "பேச வரும், பாப்பா, படிக்க வராது. எங்க அம்மாவுக்குத் தெரியும்" என்றார் அவர். அதன்பின் தெலுங்குப் பலகைகளை அவர் அவளுக்குப் படித்துக் காட்ட, பத்திரிகையை அவள் அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். கேட்க இனிமையாகவே இருந்தது. எனினும், தாயின் கண்ணில் இருந்த மொழி மகனுக்கு நாவோடு நின்றுவிட்டதே என்ற எண்ணம் எங்களை விடவில்லை.

நடுப்பகலில் சந்திரகிரியை அடைந்தோம். விசயநகர அரசர்கள் பிற்காலத்தில் தங்கியிருந்த தலைநகரம் இது. பாறைக்குன்றின் அடியில் மூன்று அடுக்குகளோடு நிற்கிறது இராஜமகால். மரம் சேர்க்காமல், கல், செங்கல், சுண்ணாம்பு கொண்டு கட்டியது. இவ்வரசர்களுக்கு உட்பட்டிருந்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் 1639-இல் ஆங்கிலக் கம்பெனிக்கு அளித்த கடற்கரை நிலமே சென்னை மாநகராக வளர்ந்தது. தமிழர் தலைநகரின் முதற் பத்திரம் ஒரு தெலுங்கு நாயக்கர் வழியே வந்ததென்பதை எல்லைச் சண்டை பேசுவோர் நினைவிற் கொள்வது நன்று.

பிற்பகலில் திருமலைக்கு ஏறினோம். 1944-இல் முதல் மலைப்பாதை திறக்கப்படும் வரையில் அடியார்கள் நடந்தோ டோலியிலோதான் ஏறினர். 1974-இல் இரண்டாம் பாதை அமைந்தது. இப்போது ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று.

திருமலை, திருப்பதிக் கோயில்களில் 1,000-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ். சாமவை என்ற பல்லவ குல அரசியார் அளித்த கொடையும் தமிழிலேயே பதிவாகியுள்ளது. கிருஷ்ணதேவராயரின் கொடைகளோ தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்றிலும் உள்ளன. வரிசையில் நகர்ந்துகொண்டே எங்கள் மகள் சுவரில் ஓரிரண்டு எழுத்துகளைக் கண்டுபிடித்தாள். மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாத பழைய வடிவமாதலால் சொல்லாகக் கூட்ட இயலவில்லை. ஆயினும் எழுத்து எழுத்தாக அவளுக்கு அது தமிழென்று தெரிந்தது.

இம்மலையில் மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்பெறுகிறது. வாய்வழி வழக்கம் ஒரு மொழியை இவ்வளவு தொலைவு காக்க வல்லது. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கும் இம்மலையே சான்று. 15-ஆம் நூற்றாண்டில் தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் ஆயிரக்கணக்கான தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடினார். அவற்றுள் பெரும்பாலானவற்றைப் பாடுவாரின்றி நாடே மறந்தது. செப்பேடுகளிற் பொறித்துக் கோயிலின் ஓர் அறையில் வைத்திருந்தமையால், 20-ஆம் நூற்றாண்டில் அவை மீண்டும் வெளிவந்தன. நாவு மறந்ததை எழுத்துக் காத்தது.

கல்கத்தாவிலோ பம்பாயிலோ நாகபுரியிலோ வாழும் நேயர்களே! நம் வீடுகளில் தமிழ்ப் பேச்சு இருக்கிறது. பக்கத்து வீட்டாரின் மொழியை நம் பிள்ளைகள் விரைவிற் கற்கின்றனர். அது நன்மையே, சித்தூர் மக்கள் அதற்கு வழிகாட்டிகள். ஆனால் எழுத்தைப் பிள்ளைகள் தாமாகக் கற்பதில்லை. அருகிலமர்ந்து யாரேனும் கற்பித்தாக வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு பலகை, ஒரு சுண்ணக்கட்டி போதும். பேச்சு ஒரு தலைமுறையோடு தேயக்கூடும். எழுத்தறிந்த பிள்ளை எந்த ஊரில் வளர்ந்தாலும், என்றேனும் ஒரு நாள் அந்த மதிற்சுவரைத் தானே படித்துக்கொள்ளும்.