கடல் திறந்தால் ஊர் வாழும்

(வல்வெட்டித்துறையில் சனசமூக நிலையமொன்றின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"செல்வம் கொழித்த சிற்றூர்" என்னும் தலைப்பிலே பேசும்படி என்னைப் பணித்திருக்கின்றீர்கள். உங்கள் ஊரின் பழம்பெருமையை நாலு வார்த்தை சொல்லி, மாலையைப் பெற்றுக்கொண்டு போவது எளிது. ஆனால், அச்செல்வம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு போயிற்று, அது மீள்வதற்கு நாம் கேட்கவேண்டியது யாது, செய்யவேண்டியது யாது என்னும் வினாக்களுக்கு விடை காணாத புகழுரையால் எவருக்கும் பயனில்லை. ஆதலின், அவ்வினாக்களையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

வல்வெட்டித்துறைக்குப் பரந்த வயலில்லை. பெருந்தோட்டமில்லை. கையகலமான நிலமும், கற்பாரான கரையும், எதிரே பாக்கு நீரிணையுமே இவ்வூருக்கு இயற்கை அளித்த முதல். அந்த முதலைக்கொண்டே உங்கள் முன்னோர் கல்வீடுகளை எழுப்பினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கப்பலோட்டிய வணிகர் குடும்பமொன்றின் முயற்சியால் இங்கே பெருஞ் சிவன்கோயில் எழுந்தது. சிதம்பரக் கல்லூரி தோன்றியது. நிலத்திலே விளையாத பொருள் இவ்வளவும் கடலிலே விளைந்ததன்றோ?

கடலிலே விளைந்தது என்று நான் கூறுவது மீனை மாத்திரமன்று. சோழகக் காற்றைப் பிடித்து வங்கக் கடலைக் கடந்து பர்மாவுக்குப் போயின இவ்வூர்ப் பாய்க்கப்பல்கள்; வாடைக் காற்றோடு அரிசியும் தேக்கும் ஏற்றிக்கொண்டு மீண்டன. நாகபட்டினமும், காக்கிநாடாவும், இரங்கூனும், அக்கியாப்பும் இவ்வூர்த் தண்டையல்மாருக்கு அடுத்த தெருப் போலப் பழக்கமாயிருந்தன. உள்ளூர்த் தோட்டக்காரன் தன் வியர்வை சிந்தி விளைவித்த புகையிலை திருவிதாங்கூருக்குக் கடல்வழியாகவே சென்றது. வடகரையிலே கப்பல் இருந்தபடியாலேதான் தோட்டக்காரனின் விளைபொருளுக்கு வெளியூரிலே விலை கிடைத்தது. உழவன் வேறு, கடலோடி வேறு என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை நீங்கள் அறிவீர்கள். ஏறத்தாழ 90 அடி நீளமான அதனை அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வை மாலுமிகளே அதனைச் செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றினூடாகச் செலுத்தி, 1938 ஆகத்து மாதம் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்திற் சேர்த்தனர். பொறியியற் கல்லூரியின் வாசலை மிதித்தறியாத மேத்திரிமார் கட்டிய கலம் அது. உலகம் அதனை வியந்தது. ஆனால், அக்காலத்தில் இவ்வூருக்கு அது ஒரு கப்பல், அவ்வளவே. அத்தகைய தொழில் அன்றாட வாழ்வாக இருந்தமையே இவ்வூரின் உண்மையான செல்வம்.

அத்தொழிலுக்கு அடிப்படை நாணயம். தண்டையலின் கையிலே பிறர் பொருளை ஒப்படைத்தவன் மாதக்கணக்காகக் காத்திருந்தான். ஆண்கள் கடலோடிய காலத்தில் வீட்டையும் வரவு செலவையும் பிள்ளைகளின் கல்வியையும் பெண்கள் நடத்தினர். நமது தேசவழமையின்படி பெண்ணுக்குச் சீதனமாகச் சென்ற வீடு அவளுடைய சொத்து. எனினும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ முடியாதென்கிறது. குடும்பத்தைத் தனியே தாங்கியவளுக்குக் கையொப்பமிடும் உரிமை இல்லை! கணவன் காணாமற் போய்விட்டால், அச்சம்மதத்துக்கு ஈடான கட்டளையைப் பெற அவள் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருக்கிறது. போர் முடிந்தபின் இத்தகைய தாய்மார் எத்தனை பேர் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம்முடைய வழக்கத்தை நாம் போற்றுகின்றோம். அதிலே திருத்தவேண்டியதைத் திருத்தும் துணிவும் நமக்கு வேண்டும்.

அக்காலச் செல்வம் எல்லார் வாசலுக்கும் ஒரே அளவாக வந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். கப்பலுடையவனுக்கும் கயிறிழுத்தவனுக்கும், மூட்டை சுமந்தவனுக்கும் அதனை விற்றவனுக்கும் இடையே பேதமிருந்தது. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டோரும் இருந்தனர். அக்காலம் அப்படியே திரும்பவேண்டும் என்று கேட்பவன் நானல்லேன்.

இச்செல்வம் எவ்வாறு போயிற்று? நீராவிக் கப்பல்களின் போட்டி ஒரு காரணம். 1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தமை மற்றொரு காரணம். இவை உலகப் போக்கினால் வந்தவை. ஆனால், மூன்றாவது அடி சட்டத்தினால் விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் வந்தபின், தலைமுறை தலைமுறையாக இக்கரையும் அக்கரையும் போய்வந்தவன் கடவுச்சீட்டும் விசாவும் இன்றிக் காலெடுத்து வைத்தாற் குற்றவாளியானான். 1952 இல் கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பதற்கென்று வடகரைக்குப் படை அனுப்பப்பட்டது. 1963 இல் அதற்கெனத் தனிப் படைப்பிரிவே அமைக்கப்பட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக இறுக, முன்னர் வாணிகம் என்று பெயர் பெற்றிருந்தது கடத்தல் என்று பெயர் பெற்றது. கடத்தலை நான் நியாயப்படுத்தவில்லை. அது நாணயமான வணிகனையே முதலிற் கெடுத்தது. ஆயினும், நேர்வழிக்கு ஒரு சுங்கத்துறையையும் ஓர் இறங்குதுறையையும் திறந்துவிடாமல், குறுக்கு வழியில் மாத்திரம் காவல் நிறுத்திய அரசாங்கத்துக்கு அக்குற்றத்திலே பங்கில்லையா?

பின்னர் வந்தது போர். 1980களிலே கடல் தடைசெய்யப்பட்ட பிரதேசமாயிற்று. 1987 இல் வடமராட்சி மீது பெரும் படையெடுப்பு நிகழ்ந்தது. 1989 ஆகத்து மாதத் தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையினரால் இவ்வூர்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோரில் ஏராளமானோர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயினர். 1954 இல் நவரத்தினசாமியும், 1971 இல் இவ்வூர் மைந்தன் ஆழிக்குமரன் ஆனந்தனும் நீந்திக் கடந்த நீரிணையிலே, கரைக்கு அண்மையில் வலை வீசுவதற்கும் அனுமதி கேட்டு நிற்கும் காலம் வந்தது.

இன்று இவ்வூரிலே பணமில்லை என்று எவரும் கூறமுடியாது. புதிய மாடிகள் எழுகின்றன. கோபுரங்களுக்கு வர்ணம் பூசப்படுகிறது. சித்திரைப் பூரணையிலே இந்திர விழா சிறக்கிறது. ஆனால், அந்த மாடிகளுட் பலவற்றின் வாயிலிலே பூட்டுத் தொங்குகிறது. முன்னைய செல்வம் இங்கே உழைத்து, இங்கே பெருகி, பத்துப் பேருக்கு வேலை கொடுத்தது. இப்போதைய செல்வம் வெளிநாட்டில் நம் பிள்ளைகள் இரவும் பகலும் உழைத்து அனுப்பும் செல்வம். அனுப்புகின்ற தலைமுறை முதுமையடைந்தபின் அது நின்றுவிடும். வங்கிப் புத்தகத்திலே பணமும் கரையிலே வெறுமையும் இருக்கின்ற ஊரைச் செல்வமுள்ள ஊர் என்று சொல்லலாமா?

ஆகவே, நாம் கேட்கவேண்டியவை மூன்று.

முதலாவது, வடகரைக்கும் தமிழகத்துக்கும் இடையே சிறு கலங்களின் சட்டபூர்வமான சரக்குப் போக்குவரத்து. 2023 ஒற்றோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆள் போகலாமென்றால், நமது வெங்காயமும் பனம்பொருளும் கருவாடும் ஏன் போகக்கூடாது? 1974 யூன் மாத இலங்கை இந்திய உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்ற நாட்டு நீரிலே மரபாக அனுபவித்துவந்த உரிமைகளை அனுபவிக்கும் என்கிறது. 1976 இல் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் மீன்பிடியை விலக்கின. சரக்கேற்றுதலை விலக்கவில்லை என்பது என் வாதம்.

இரண்டாவது, கடலடியை வாரி அள்ளும் இழுவைமடித் தொழிலை நிறுத்துதல். 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தடைசெய்துள்ளது. அக்கரையிலிருந்து வரும் றோலர்கள் நம்மவர் வலைகளை அறுத்துச் செல்கின்றன. இக்கரையிலும் இழுவைமடி போடுவோர் உளர். சட்டம் இரு சாராருக்கும் ஒன்றாக நடத்தப்படவேண்டும். அக்கரையில் இருப்பவரும் தமிழரே என்பதால் நாம் வாய்மூடி இருத்தல் ஆகாது; வாய் திறப்பதாற் பகைவராகவும் வேண்டியதில்லை. இரு கரை மீனவரும் நேருக்கு நேர் இருந்து பேசவேண்டும்.

மூன்றாவது, அதிகாரம். 13ஆவது திருத்தத்தின்படி துறைமுகமும் சுங்கமும் மத்திய அரசின் கையில் உள்ளன. ஆட்புல நீருக்குட்பட்ட மீன்பிடி, மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான நிரலில் உள்ளது. அந்தச் சிறு உரிமையைத்தானும் ஆளுவதற்கு, 2018 ஒற்றோபரில் முதலாவது வட மாகாண சபையின் காலம் முடிந்தபின், ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. தன் வாசலிலே கிடக்கும் கடலைப்பற்றித் தீர்மானிக்க ஒரு மக்கள் கூட்டத்துக்கு உரிமையில்லை என்றால், சுயாட்சிக் கோரிக்கை வெறும் மேடைப் பேச்சென்று யார் சொல்லமுடியும்?

அரசாங்கத்திடம் கேட்பவை இவை. நாம் செய்யவேண்டியதும் உண்டு. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை, முன்னோர் கோயிலுக்கு மகமை ஒதுக்கியது போல, ஒரு கூட்டுறவுக்கு ஒதுக்குங்கள். அதனைக்கொண்டு கலம் கட்டலாம். பனிக்கட்டி ஆலை நிறுவலாம். இளைஞருக்கு மாலுமிக் கல்வி கொடுக்கலாம். கயிறிழுப்பவனுக்கும் அதிலே பங்கு இருக்கட்டும். கடற்றொழில் இழிதொழில் என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். மேத்திரிமாரின் தொழிலறிவை அறிந்த முதியோர் இருப்பார்களாயின், அவர்கள் சொல்வதை இவ்வாண்டே எழுதிவைக்கச் சிதம்பரக் கல்லூரி மாணவரை ஏவுங்கள்.

இவ்விழா முடிந்ததும் கலைந்து போகாமல், இம்மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, ஊரவரின் கையொப்பத்தோடு அனுப்புவோமாக. அம்மனுவை வரைந்து கொடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கின்றேன். கையொப்பம் திரட்டும் வேலை உங்களுடையது.