மந்தகதியில் நின்றுபோகும் படகு எஞ்சின்

நாட்டின் கடற்கரைகளில் துடுப்பும் பாயும் வகித்த இடத்தை எஞ்சின் பெற்றது ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1952-ஆம் ஆண்டில் கையெழுத்தான இந்திய-நார்வே உடன்பாட்டின் பயனாகக் கொல்லம் அருகேயுள்ள நீண்டகரையில் இயந்திரப் படகுகள் அறிமுகமாயின. 1980-களில், வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு எஞ்சின்கள் கேரளக் கரையெங்கும் பரவின. வலையையும் வள்ளத்தையும் போலவே எஞ்சினும் மீனவக் குடும்பத்தின் மூலதனமாயிற்று. மூலதனத்தைப் பெறுவதைப் போலவே அதனைப் பேணுவதும் வளர்ச்சியின் பகுதியே ஆகும்.

இவ்வெஞ்சின்களில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்றுண்டு. முழு வேகத்தில் நன்றாக ஓடும் எஞ்சின், 'ஐடிலிங்' எனப்படும் மந்தகதிக்கு வந்ததும் தடுமாறி நின்றுவிடுகிறது. இதனைச் சிறு தொல்லையெனக் கருதலாகாது. வலையை இழுக்கும்போதும், கரையேறுமுன் தக்க அலைக்காகக் காத்திருக்கும்போதும் எஞ்சின் மந்தகதியிலேயே இயங்குகிறது. அவ்வேளையில் அது நின்றுபோனால் வள்ளம் அலைக்குக் குறுக்காகத் திரும்பிக் கவிழக்கூடும்.

இக்குறைக்கு முதற்காரணம் எரிபொருளின் இயல்பாகும். இவற்றுள் பல எஞ்சின்கள் பெட்ரோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ 35 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும். மந்தகதியில் எஞ்சினின் சூடு தணிவதால் மண்ணெண்ணெய் முழுதும் எரியாமல் ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படிகிறது. ஆகவே, நெடுநேரம் மந்தகதியில் ஓட்ட நேர்ந்தாலும், எஞ்சினை நிறுத்துமுன்னும் பெட்ரோலுக்கு மாற்றுதல் வேண்டும். அவ்வாறு செய்தால் மறுநாள் தொடங்குவதும் எளிதாகும்.

குறையை ஆராய்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. செலவற்றதை முதலிலும் செலவு மிக்கதை இறுதியிலும் பார்ப்பதே அது. எரிபொருள் தொட்டியின் காற்றுத்துளை திறந்துள்ளதா, அடியில் தண்ணீர் தங்கியுள்ளதா, ரப்பர்க் குழாயில் வெடிப்புண்டா என்பவற்றை முதலில் நோக்க வேண்டும். அடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது ஈரமாகவும் கறுப்பாகவும் இருப்பின், எரிபொருளில் கலக்கும் ஆயில் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம். இறுதியாகக் கார்புரேட்டரைக் கவனிக்க வேண்டும். மந்தகதிக்கு எரிபொருள் தரும் துளை மிக நுண்ணியது. பல நாள் தேங்கிய எரிபொருளின் பிசின் அதனை அடைத்துவிடும். வேகத்திற்குரிய துளை பெரிதாதலின் எளிதில் அடைபடுவதில்லை. வேகத்தில் நன்றாக ஓடும் எஞ்சின் மெதுவாக ஓட மறுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவேயாகும்.

ஆனால் நடைமுறையில் பலர் முதலில் திருகுவது ஐடில் ஸ்குரூவைத்தான். அதனால் குறை மறைகிறதேயன்றித் தீர்வதில்லை. மந்தகதி வரம்பு மீறினால் எரிபொருள் வீணாகும். கியர் மாற்றும்போது வள்ளம் திடீரெனப் பாயும். கியரின் பற்களும் தேயும்.

இதன் பொருளாதாரம் எளிது. வள்ளத்தின் வருவாய் உரிமையாளருக்கும் உழைப்பாளருக்கும் பங்காகப் பிரிகிறது. ஆதலின் எஞ்சின் பழுதால் ஒரு நாள் கரையில் கிடந்தால் பல குடும்பங்கள் அன்றைய பங்கை இழக்கின்றன. அந்த இழப்போடு ஒப்பிட்டால் ஒரு புதிய பிளக்கின் விலை மிகச் சிறிது.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிச் சென்று உள்நாட்டு மக்களை மீட்டனர். மதிலுக்கும் மரத்திற்கும் இடையே புகுந்து வீட்டு வாயிலை அணுகுவது வேகத்தின் வேலையன்று. மெதுவாகவும் நிற்காமலும் ஓடும் எஞ்சினின் வேலை.

எஞ்சின் வாங்கக் கடனும் மானியமும் வழங்கும் திட்டங்கள் வரவேற்கத்தக்கவை. அவற்றோடு ஒவ்வொரு மீனவ கிராமத்திலும் சில இளைஞர்களுக்கேனும் இந்த ஆய்வு முறையைக் கற்பித்தால், முதலீட்டின் முழுப் பயனும் கரை சேரும்.