பள்ளியாசிரியர் பாவாணர்

இராயபுரத்தை அடுத்த முத்தியாலுப்பேட்டையின் உயர்நிலைப் பள்ளியில் 1943இல் தமிழாசிரியராக அமர்ந்தவர் ஞா. தேவநேயப் பாவாணர். 1902இல் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர்; 'கிறித்தவக் கீர்த்தனம்' இயற்றியவர். ஆம்பூர், பெரம்பூர், மன்னார்குடி, திருச்சி எனப் பள்ளிதோறும் பெயர்ந்து வந்தவர். 'ஒப்பியன் மொழிநூல்' 1940இல் வெளிவந்தபோதும் அவர் பள்ளியாசிரியரே. பகலெல்லாம் பாடஞ்சொல்லி, அத்தகைய நூலை எழுத எத்தனை இரவுகள் சென்றனவோ! அவர்தம் முடிபுகள் அனைத்தையும் மொழியியலார் ஏற்பதில்லை, உழைப்பை மறுப்பாரில்லை. சொற்பிறப்பியல் அகரமுதலிப் பணியை அரசு அவரிடம் ஒப்படைத்தது 1974இல். அப்போது அகவை எழுபத்திரண்டு! 1981 சனவரியில் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றியவர் அம்மாதமே மறைந்தார். முதல் மடலம் 1985இல்தான் அச்சேறியது. அவர் அதைக் காணவில்லை. அண்ணா சாலையிலுள்ள மாவட்ட மைய நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.